தளர்ந்து விரிந்த இருதயம்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



வரப்பில் சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. இவற்றை "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. வயதின்மீது பழியைப் போடுமுன் இருதயத்தைச் சோதித்தல் வேண்டும் என்பதே இன்று நாம் வற்புறுத்த விரும்புவது.

இருதயம் ஓயாது இயங்கும் ஒரு பம்பு. அதன் தசை தளர்ந்து அறைகள் விரிந்துவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் பங்கு குறைகிறது. நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குகிறது. மல்லாந்து படுக்க இயலாமை, நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருதல், சில நாட்களிலேயே எடை ஏறுதல், அசதி, படபடப்பு, மயக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். முன்னர் வந்த மாரடைப்பு, நெடுநாளைய இரத்த அழுத்தம், அளவு மீறிய மது, வைரஸ் தொற்று, பரம்பரை ஆகியவை காரணமாகலாம். பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் இளந்தாய்மாருக்கும் இது வருவதுண்டு. ஆதலால் இது முதியோர் நோய் மட்டுமன்று.

இருதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டுவது ஈ.சி.ஜி. சோதனை. இம்முறையைக் கண்ட ஹாலந்து அறிஞர் ஐந்தோவன் 1924-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். வலியின்றிச் சில நிமிடங்களில் இது முடிந்துவிடும். தளர்ந்த இருதயத்தில் துடிப்பு விரைந்தோ ஒழுங்கு தவறியோ காணப்படலாம். வாய்க்காலின் ஒரு கிளை தூர்ந்தால் கடைமடைக்கு நீர் சுற்றிவந்து தாமதமாகச் சேர்வதுபோல, மின்பாதையின் இடக்கிளை தடைப்பட்டால் இடப்பக்கச் சுவர் பிந்தித் துடிக்கிறது. கீழறைகளின் மின்னலை 0.12 விநாடிக்குள், அதாவது காகிதத்தின் 3 சிறு கட்டங்களுக்குள், முடிதல் இயல்பு. இத்தகையோருக்கு அது அகன்றுவிடுகிறது. இரு பக்கமும் ஒருங்கே துடிக்கச் செய்யும் கருவியைச் சிலருக்குப் பொருத்துவதற்கு இக்குறியே வழிகாட்டுகிறது.

ஆயினும் ஈ.சி.ஜி. மட்டும் போதாது. இருதயத்தின் அளவையும் வலிவையும் எக்கோ சோதனையே நேரில் காட்டும். ஈ.சி.ஜி.யில் பெருங்குறை இல்லையெனினும் மூச்சுத்திணறல் நீடித்தால் எக்கோ அவசியமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தக்க மருந்துகள் ஆயுளை நீட்டிக்கின்றன. சுகம் கண்டதும் அவற்றைத் தாமாக நிறுத்துதல் ஆபத்து.

பஞ்சாயத்து உறுப்பினர்களே! உங்கள் வார்டில் இவ்வறிகுறி உடையோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சுத்திணறல் கடுமையானால் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். சாலையும் குடிநீரும் போலவே இதுவும் கிராமப் பணியே.