கொத்துத் தலைவலியை மருத்துவரிடம் எடுத்துரைப்பது எப்படி?
(பந்திங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்கான உரை)



தலைவலி வாராத மனிதர் இல்லை. தைலம் தேய்த்து, பெனடோல் விழுங்கிவிட்டுப் பால்மரம் வெட்டப் புறப்பட்டுவிடுகிறோம். ஆனால் இவற்றுக்கு அடங்காத தலைவலி ஒன்று உண்டு. அதற்குக் கொத்துத் தலைவலி என்று பெயர். ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும் இந்நோய், மனிதர் அறிந்த மிகக் கொடிய வலிகளுள் ஒன்றாகும்.

அதன் அடையாளங்களைக் கேளுங்கள். ஒரு கண்ணைச் சுற்றி, ஒரே பக்கத்தில் வலி குத்தும். அப்பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும், இமை தாழும். கால் மணி முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கும். ஒரே நாளில் எட்டு முறைகூட வரலாம். பெரும்பாலும் இரவில், குறித்த நேரத்தில் உறக்கத்தைக் கலைக்கும். சில வாரங்களோ மாதங்களோ வாட்டிவிட்டுப் பின்னர் நெடுநாள் மறைந்திருக்கும்.

ஒற்றைத் தலைவலி உடையவர் இருட்டறையில் அசையாது படுப்பார். இந்நோயாளியோ படுக்க இயலாமல் அங்குமிங்கும் நடப்பார்; தலையைச் சுவரில் மோதுவார். இதனைக் கண்டு பேய் என்றோ, குடிவெறி என்றோ, வேலைக்குச் செல்லாதிருக்க நடிப்பு என்றோ கூறுவது பெரும் பிழை.

வலி நின்ற பின் மருத்துவர்முன் அமர்ந்தால், அவர் காண்பதற்கு அடையாளம் ஏதும் இராது. ‘சாகிட் கெப்பாலா’ என்று மட்டும் சொன்னால் வலிமாத்திரையோடு திரும்ப நேரும். பல்வலி என்று தவறாகக் கருதப்பட்டு, நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டோரும் உலகில் பலர்.

நிறுத்த பாலின் கணக்கைக் கிராணி எழுதும்போது கண் வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? வலிக்கும் அவ்வாறே கணக்கு வேண்டும். நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தப் பக்கம், கண்ணீர் வடிந்ததா என ஒரு புத்தகத்தில் குறித்து வையுங்கள். வலி வரும்போது வீட்டார் கைத்தொலைபேசியில் முகத்தைப் படம் பிடிக்கட்டும். இவ்விரண்டையும் மருத்துவரிடம் காட்டி, “இது கொத்துத் தலைவலியாக இருக்குமா?” என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புமாறும் வேண்டலாம்.

இதற்குச் சிகிச்சை உண்டு. அமெரிக்க மருத்துவர் ஹோர்ட்டன் 1939இல் இந்நோயை விரிவாக விளக்கினார். 2009இல் வெளிவந்த இலண்டன் ஆய்வில், முகமூடி வழியே நிமிடத்துக்கு 12 லிட்டர் பிராணவாயு செலுத்தியபோது, நூற்றுக்கு 78 தாக்குதல்கள் கால் மணி நேரத்தில் தணிந்தன; வெறுங்காற்றால் தணிந்தவை 20 மட்டுமே. மூக்குக் குழாயில் சிறிதளவு கொடுப்பது போதாது. சுமாட்ரிப்டான் ஊசியும் வலியை விரைந்து தணிக்கும். இதய நோயுள்ளோருக்கு அது ஆகாது. வலி வாராமல் தடுக்க வெராபமில் மாத்திரை உண்டு. அதனை உட்கொள்வோருக்கு இதயத் துடிப்பைப் பதிவுசெய்து பார்த்தல் வேண்டும். வலி வரும் காலத்தில் மது ஒரு வாயும் கூடாது.

திடீரெனப் பேரிடியாக வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி ஆகியவை வேறு நோய்களின் அறிகுறிகள். அப்போது தாமதியாது பந்திங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வலி தாங்காது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், வீட்டாரிடமும் மருத்துவரிடமும் உடனே மறைக்காது சொல்லுங்கள். அண்டை வீட்டில் ஒருவர் இரவில் இவ்வாறு துடித்தால் ஏளனம் செய்யாதீர்கள். அவருடன் மருத்துவமனைக்குத் துணை செல்லுங்கள். பொறுத்துக்கொள்ளத் தேவையில்லாத வலி இது.