ஊர்ப் பெயரும் அணிப் பெயரும்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் பாட்டைப் பற்றிப் பேசாமல் பந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள், அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து என்னும் மூன்று அண்டை நாடுகள் 2001ஆம் ஆண்டு தொடங்கிய கெல்டிக் லீக் என்ற ரக்பிப் போட்டி. இதில் கவிஞர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஓர் ஊரின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் பட்ட பாட்டைச் சொல்வதே என் நோக்கம்.

1995 ஆகஸ்டு வரை ரக்பி யூனியன் ஆட்டம் ஊதியம் பெறாதோர் ஆட்டமாகவே இருந்தது. அந்தத் தடை நீங்கியதும், மக்கள்தொகையும் பணமும் மிகுந்த இங்கிலாந்து, பிரான்சு நாடுகளின் கழகங்கள் சிறந்த வீரர்களை ஈர்க்கத் தொடங்கின. சிறிய நாடுகள் தம் பிள்ளைகளைத் தம் மண்ணிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டுமானால், அவர்களுக்கு வாரந்தோறும் தரமான ஆட்டம் கிடைக்க வேண்டும். இரண்டே தொழில்முறை அணிகளை வைத்திருந்த ஸ்காட்லாந்து யாரோடு ஆடும்? ஆகவே வேல்சும் ஸ்காட்லாந்தும் 1999இலேயே கைகோத்தன. 2001இல் அயர்லாந்தின் நான்கு மாகாணங்களும் வந்து சேர்ந்தன. அந்த அயர்லாந்தும் ஒரு வியப்புக்குரிய நாடு. 1921இல் தீவு இரண்டாகப் பிரிந்த பின்னும், அங்கே ரக்பி பிரியவில்லை. டப்ளினும் பெல்பாஸ்டும் இன்றும் ஒரே சங்கத்தின் கீழ் ஆடுகின்றன.

முதல் ஆண்டில் பதினைந்து அணிகள் களம் இறங்கின. 2001 டிசம்பர் 15ஆம் நாள் டப்ளினில் நடந்த இறுதி ஆட்டத்தில் லென்ஸ்டர் 24-20 என்ற கணக்கில் மன்ஸ்டரை வென்றது. பதினைந்தில் ஒன்பது அணிகள் வேல்ஸ் நாட்டின் ஊர் அணிகள். அவற்றுள் ஒன்று பொன்டிபிரித்.

அது நிலக்கரிப் பள்ளத்தாக்கில் அமைந்த சிறு நகரம். 1856இல் அங்கே நெசவாலை நடத்தி வந்த ஈவன் ஜேம்ஸ் என்பவர் ஒரு பாட்டு எழுதினார். அவர் மகன் ஜேம்ஸ் ஜேம்ஸ் அதற்கு மெட்டமைத்தார். பழைய மொழி நிலைத்து வாழ வேண்டும் என்னும் வேண்டுதலோடு முடியும் அந்தப் பாட்டே பின்னாளில் வேல்சின் நாட்டுப் பண் ஆயிற்று. 1905 டிசம்பரில் கார்டிஃபில் நியூசிலாந்து அணியை எதிர்கொள்ளும் முன் வேல்ஸ் வீரர்கள் அதைப் பாட, கூட்டமும் சேர்ந்து பாடியது. விளையாட்டுக் களத்தில் நாட்டுப் பண் பாடும் வழக்கம் அங்கிருந்தே தொடங்கியது என்பர். தந்தையையும் மகனையும் நினைந்து 1930இல் அவ்வூர்ப் பூங்காவில் சிற்பி கோஸ்கோம் ஜான் இரண்டு உருவங்களை வடித்து நிறுத்தினார். ஒன்று கவிதை, மற்றொன்று இசை. பன்னாட்டு ஆட்டங்களில் ஆயிரம் புள்ளிகளைக் கடந்த முதல் வீரர் நீல் ஜென்கின்சும் அவ்வூர்க் கழகத்தில் வளர்ந்தவரே.

2003இல் வேல்ஸ் ரக்பி ஒன்றியம் ஒன்பது அணிகளை ஐந்து வட்டார அணிகளாகச் சுருக்கியது. பொன்டிபிரித்தும் பிரிட்ஜெண்டும் இணைந்து 'கெல்டிக் வாரியர்ஸ்' ஆயின. இரண்டு ஊர்ப் பெயர்களும் மறைந்தன. எந்த ஊருக்கும் உரியதல்லாத ஒரு பெயர் வந்தது. அந்தப் புதிய அணி, அவ்வாண்டு ஐரோப்பியக் கோப்பையை வென்ற வாஸ்ப்ஸ் அணியை அதன் மண்ணிலேயே வீழ்த்தியது. ஆயினும், ஒரே ஆண்டில், 2004 கோடையில், அது கலைக்கப்பட்டது. நாட்டுப் பண் பிறந்த ஊருக்கு முதல்தர அணி இல்லாமற் போயிற்று.

சுருக்கியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறைக்கலாகாது. சிறு நாட்டின் வருவாய் ஒன்பது தொழில்முறை அணிகளுக்குச் சோறு போடாது. நீத், சுவான்சி ஊர்களை இணைத்துப் பிறந்த ஆஸ்ப்ரேஸ் அணி 2005, 2007, 2010, 2012 ஆகிய நான்கு ஆண்டுகளில் கெல்டிக் லீக்கை வென்றது. கணக்குப் பொய்யன்று. ஆனால் கணக்கில் அடங்காதது ஒன்றும் உண்டு.

அதற்கு அயர்லாந்தின் மேற்கே செல்ல வேண்டும். கொனாக்ட் மாகாணம் பாறையும் சதுப்பும் நிறைந்தது. ஐரிஷ் மொழி வீட்டு மொழியாக இன்னும் எஞ்சியிருக்கும் பகுதிகள் சில அங்கே உள்ளன. அம்மாகாணத்தின் கால்வே நகர மைதானத்தைச் சுற்றி நெடுங்காலம் வேட்டை நாய்ப் பந்தயம் நடந்து வந்தது. 2003இல் அயர்லாந்து ரக்பிச் சங்கம் செலவைக் குறைக்க எண்ணியபோது, கொனாக்டின் தொழில்முறை அணியைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அவ்வணியின் ஆதரவாளர்கள் டப்ளினுக்குத் திரண்டு வந்து, சங்க அலுவலகம் நோக்கி ஊர்வலம் நடத்தினார்கள். அணி பிழைத்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 மே 28ஆம் நாள், எடின்பரோவின் மர்ரேஃபீல்டு அரங்கில், அதே கொனாக்ட் 20-10 என்று லென்ஸ்டரை வென்று கோப்பையைக் கைக்கொண்டது. 2003இல் எந்தக் கணக்கர் ஏட்டிலும் இந்த வெற்றி எழுதப்பட்டிருக்கவில்லை.

போட்டியும் வளர்ந்தது. 2010இல் இத்தாலி அணிகள் சேர்ந்தன. 2021இல் தென்னாப்பிரிக்காவின் நான்கு பெரிய அணிகள் சேர, 'யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப்' என்று பெயரும் மாறியது. 2022 இறுதி ஆட்டம் கேப்டவுனில் நடந்தது. மோதிய இரண்டும் தென்னாப்பிரிக்க அணிகள். அண்டை வீட்டார் கூடித் தொடங்கிய திண்ணைப் பேச்சு, கடல் கடந்த பேரவை ஆகிவிட்டது. வேல்சிலோ சுருக்கம் நின்றபாடில்லை. எஞ்சிய நான்கு அணிகளை மூன்றாகக் குறைப்பதென்று 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. எந்த ஊர் அடுத்தது என்ற கவலை அங்கே மீண்டும் எழுந்தது.

கவிஞர் பெருமக்களே, கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், ஒக்கூர் மாசாத்தியார் என்று ஊரைச் சுமந்த பெயர்களோடுதான் நம் பழம்புலவர்கள் தொகை நூல்களுக்குள் வந்தார்கள். தொகுத்தவர்கள் அவர்களை ஓர் ஏட்டில் கூட்டினார்களே அன்றி, ஊர்ப் பெயரைக் களைந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. சிறியோர் கூடினால்தான் பெரியோரிடையே நிற்க முடியும் என்பதைக் கெல்டிக் லீக் மெய்ப்பித்தது. கூடுவதற்கு விலையாக ஊரைக் கேட்டால் எது போகும் என்பதைப் பொன்டிபிரித் காட்டியது. மறுத்து நடந்தால் எது மிஞ்சும் என்பதைக் கொனாக்ட் காட்டியது.

நம் வட்டமும் சிறியதே. நாளை பெரிய மேடைகள் நம்மை அழைக்கலாம். தயங்காமல் போவோம், நம் பெயரோடு போவோம்.