ஐந்து விரல், ஐந்து மூச்சு

2004 டிசம்பர் 26. அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சுனாமி சூறையாடியது. அலை வடிந்த பிறகும் பூமி அடங்கவில்லை, பின்னதிர்வுகள் தொடர்ந்தன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் போர்ட் பிளேர் நிவாரண முகாம்களுக்கு வந்தார்கள். படம் வரைதல், கதை, விளையாட்டு என்றுதான் இத்தகைய வேளைகளில் பிள்ளைகளுக்கு உதவி தொடங்கும். நாமோ, பிள்ளை பயந்து அழுதால், "ஒண்ணுமில்லே, பேசாம படு" என்று அதட்டுகிறோம். அதட்டினால் பயம் போகுமா, என்ன?

வேறொன்று செய்து பாருங்கள். பிள்ளை இடது கையை விரிக்கட்டும். வலது ஆள்காட்டி விரல் கட்டைவிரல் ஓரமாக ஏறும்போது மூச்சை இழுக்க வேண்டும். மறுபக்கம் இறங்கும்போது மெல்ல விட வேண்டும். சுண்டுவிரல் வரை ஐந்து மூச்சு. பிறகு, "இப்போ என்னென்ன சத்தம் கேக்குது?" என்று கேளுங்கள். மின்விசிறி, காகம், பக்கத்து வீட்டுக் குக்கர் என்று பிள்ளையே அடுக்கும். நீங்களும் கூட உட்கார்ந்து செய்ய வேண்டும், அதுதான் முக்கியம். பயமில்லாத நாளில் பழக்குங்கள்.

ஒன்று மட்டும். கடலோரத்தில் நிலம் பலமாக அதிர்ந்தால் முதலில் பிள்ளையோடு மேட்டுக்கு ஓடுங்கள். மூச்சுப் பயிற்சி அப்புறம்.