ஃபைல் நடக்கல, அம்மா நடக்குறாங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு சின்ன கற்பனையில ஆரம்பிக்கலாம்.

ராத்திரி பதினோரு மணி. ஆபீஸ் முடிச்சுட்டு வர்ற வழியில ஒரு டீக்கடையில நிக்கிறீங்க. பக்கத்துல ஒரு டெலிவரி பையன். பைக்ல வந்த ரெண்டு பேர் அவன் செல்போனைப் பிடுங்குறாங்க. அவன் விடல. கையில வெட்டிட்டுப் போயிடுறாங்க. நீங்க வண்டி நம்பரைப் பார்த்துட்டீங்க, ஒருத்தன் முகத்தையும் பார்த்துட்டீங்க. 112-க்கு போன் பண்றீங்க. போலீஸ் வந்து உங்க பேரையும் நம்பரையும் எழுதிக்கிறாங்க.

அந்த நிமிஷத்துல இருந்து அந்தப் பையனுக்கு சட்டத்துல பேர் 'பாதிக்கப்பட்டவர்'. உங்களுக்கு 'சாட்சி'. கேஸ் முடியிற வரைக்கும் உங்க ரெண்டு பேரையும் யார் பார்த்துப்பாங்க? அதுதான் இன்னைக்குப் பேச்சு.

"நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ஒண்ணுமே இல்லப்பா"ன்னு சொல்லிடுவோம். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். படிச்சுப் பார்த்தா விஷயம் வேற. நிறையவே இருக்கு. ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கட்டடத்துல இருக்கு.

முதல்ல அந்தப் பையனைப் பார்ப்போம்.

எஃப்.ஐ.ஆர் நகலை அவனுக்கு இலவசமா கொடுக்கணும். 2024 ஜூலை 1-ல நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்., அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த புதுச் சட்டம், இன்னொண்ணும் சொல்லுது. விசாரணை எந்த நிலையில இருக்குன்னு 90 நாளுக்குள்ள போலீஸே அவனுக்குத் தெரிவிக்கணும். போன்ல மெசேஜா அனுப்பினாலும் போதும். இது காவல் நிலையம்.

அடுத்தது இழப்பீடு. அதுக்கு அரசோட நிதி இருக்கு. கோர்ட் பரிந்துரை செய்யலாம். கேஸ் விடுதலையில முடிஞ்சா கூட, இவனுக்கு மறுவாழ்வு தேவைன்னு நினைச்சா பரிந்துரை செய்யலாம். வெட்டினவன் யாருன்னே தெரியாம, விசாரணையே நடக்காமப் போனாலும் இவனே மனு போடலாம். எங்கே? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல. ரெண்டு மாசத்துல அவங்க விசாரிச்சு முடிக்கணும். இது ரெண்டாவது கட்டடம்.

மூணாவது, மருத்துவமனை. இங்கதான் கதையே இருக்கு. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ ஒரு சான்று கொடுத்தா, இவனுக்கு முதலுதவியும் மருத்துவ உதவியும் இலவசமா கிடைக்கணும்னு ஆணைக்குழு உத்தரவு போடலாம். கேட்க நல்லா இருக்கு இல்ல? இப்போ அந்தக் காகிதம் போற வழியைப் பாருங்க. சான்று ஸ்டேஷன்ல. உத்தரவு ஆணைக்குழுவுல. பையன் ஆஸ்பத்திரி பெட்ல. இந்த மூணுக்கும் நடுவுல காகிதத்தை யார் தூக்கிட்டுப் போறது?

அவங்க அம்மா. வேலைக்கு லீவு சொல்லிட்டு, ஷேர் ஆட்டோ பிடிச்சு, மஞ்சப்பைல எஃப்.ஐ.ஆர் நகலை வெச்சுக்கிட்டு. போற ஒவ்வொரு ஆபீஸ்லயும் "என்னம்மா ஆச்சு?"ன்னு கேட்பாங்க. மகன் வெட்டுப்பட்ட கதையை அவங்க முதல்ல இருந்து சொல்லணும். ஃபைல் நடக்க வேண்டிய இடத்துல அம்மா நடக்குறாங்க.

இப்போ உங்க கதை.

சம்மன் வரும். போவீங்க. வாய்தா. திரும்பப் போவீங்க. கோர்ட்டுக்கு வெளியே டீ குடிக்கப் போனா, ஜாமீன்ல வந்த ஆள் அதே கடையில நிப்பான். ஒண்ணும் பேச மாட்டான். சும்மா பார்ப்பான். அடுத்த வாரம் தெரியாத நம்பர்ல இருந்து ஒரு போன்: "தம்பி, வீடு அங்கதானே?"

அதுக்கப்புறம் கூண்டுல ஏறி "சரியா ஞாபகம் இல்லீங்க"ன்னு நீங்க சொன்னா, உங்களுக்குப் பேர் பிறழ் சாட்சி. நாங்க நியூஸ்ல பார்த்துட்டு "காசு வாங்கிட்டான் போல"ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம்.

இதுக்கும் திட்டம் இருக்கு. ஒரு சாமியார் மேல இருந்த பாலியல் வழக்குகள்ல சாட்சிகள் தாக்கப்பட்டாங்க, சிலர் கொலையே ஆனாங்க. அதுல இருந்து வந்ததுதான் மகேந்தர் சாவ்லா வழக்கு. 2018 டிசம்பர் 5-ல உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏத்துக்கிட்டு, தனிச் சட்டம் வர்ற வரைக்கும் இதுவே நாடு முழுக்க சட்டம்னு சொல்லிச்சு. இப்போ பி.என்.எஸ்.எஸ். 398-வது பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டத்தை அறிவிக்கணும்னு சொல்லுது.

அந்த 2018 திட்டத்துல எனக்குப் பிடிச்சது ஒண்ணு. மாவட்ட நீதிபதி தலைவர், மாவட்டக் காவல்துறைத் தலைவர் உறுப்பினர், அரசு வழக்கு நடத்தும் துறையோட மாவட்டத் தலைவர் உறுப்பினர் செயலர். மூணு துறையும் ஒரே மேஜையில. நீங்க மனு கொடுத்தா, ஆபத்து எவ்வளவுன்னு டி.எஸ்.பி. அளவிலான அதிகாரி அஞ்சு வேலை நாளுக்குள்ள அறிக்கை கொடுக்கணும். அறிக்கை வந்ததும் அடுத்த அஞ்சு வேலை நாளுக்குள்ள முடிவு. குற்றவாளியும் நீங்களும் எதிரெதிரே வராம பார்த்துக்கிறது, கோர்ட்டுக்கு வண்டி, வீட்டுப் பக்கம் ரோந்து, தேவைப்பட்டா கொஞ்ச நாள் வேற வீடு. எல்லாமே பட்டியல்ல இருக்கு. எல்லா கேஸுக்கும் கிடைக்காது. ஆனா வழிப்பறியில வெட்டின மாதிரியான பெரிய குற்றங்களுக்குக் கிடைக்கும்.

ஆனா இது தானா வராது. நீங்க மனு போடணும். மனு போட, இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியணும். விசாரணை அதிகாரியும் கோர்ட்டும் இதைச் சாட்சிக்குச் சொல்லணும்னு அந்தத் திட்டத்துலயே இருக்கு.

அப்போ என்னதான் குறையுது? என் பதில்: ஆள். காவல் நிலையத்துல இருந்து தீர்ப்பு வரைக்கும் கூடவே வர்ற ஒரே ஓர் ஆள்.

இது நடக்காத காரியம் இல்ல. நம்ம சட்டத்துலயே ஒரு இடத்துல இருக்கு. போக்சோ வழக்குகள்ல 2020 விதிகள்படி, குழந்தைகள் நலக் குழு ஒரு ஆதரவு நபரை நியமிக்கலாம். அவர் விசாரணையில இருந்து வழக்கு முடியிற வரைக்கும் குழந்தை கூட இருப்பார். கோர்ட் தேதி சொல்றது, இழப்பீட்டுக்கு வழி காட்டுறது, கவுன்சிலிங்குக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் அவர் மூலமா நடக்கலாம். பெண்களுக்கு சகி ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015-ல இருந்து இருக்கு. மருத்துவம், போலீஸ், வக்கீல், கவுன்சிலிங், சில நாள் தங்க இடம்னு எல்லாத்துக்கும் ஒரே வாசல். 181-க்கு போன் பண்ணா வழி சொல்வாங்க. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல, சாட்சிக்குப் பயணச் செலவும், ஜாமீன் விசாரணை உட்பட கோர்ட் தேதிகளைப் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே சொல்றதும் உரிமையாவே எழுதியிருக்கு.

அதாவது என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும். குழந்தைக்குச் செஞ்சுட்டோம், சில பேருக்குச் செஞ்சுட்டோம். அந்த டெலிவரி பையனுக்கு இன்னும் செய்யல. "அவ்வளவு ஆளுக்கு எங்கே போறது?"ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா சாட்சிகள் பின்வாங்கி விழுந்து போன கேஸுக்கு, போலீஸும் கோர்ட்டும் செலவு பண்ண வருஷங்களையும் கணக்குல சேர்க்கணும்.

அதுவரைக்கும் நாம என்ன பண்ணலாம்? உங்க ஃப்ரெண்டுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ இப்படி ஆச்சுன்னா, அந்த ஆளா நீங்க இருங்க. சட்டம் படிச்சிருக்க வேண்டாம். ஒரு நோட்டு வாங்குங்க. முதல் பக்கத்துல எஃப்.ஐ.ஆர் நம்பர், ஸ்டேஷன், விசாரணை அதிகாரி பேர், போன். அடுத்த பக்கத்துல நடந்ததை ஒரு தடவை தெளிவா எழுதி வெச்சுடுங்க. ஒவ்வொரு ஆபீஸ்லயும் அதைக் காட்டுங்க, அவங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீங்க. 90-வது நாளைக் காலண்டர்ல குறிச்சு வைங்க. மிரட்டல் போன் வந்தா தேதி, நேரம் எழுதுங்க, மெசேஜை அழிக்காதீங்க. பாதுகாப்பு மனுவுக்கு அதுதான் ஆதாரம். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலே கொடுக்கணும்.

அப்புறம், கோர்ட் தேதிக்குக் கூடப் போங்க. உள்ள ஒண்ணும் பேச வேண்டாம். வெளியே அந்த டீக்கடையில பக்கத்துல நின்னா போதும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.