பல்லிச் சத்தம்

மாங்காய் சீசனில் முதலமடைக்கு ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். நெல்லியாம்பதி மலை பனிக்குள்ளிருந்து வெளியே வருவதற்குள் தோப்புகளில் வண்டிகள் கிளம்பிவிடும். அப்படி ஒரு காலையில் பழைய மாருதி ஜிப்சி ஒன்று ஸ்டார்ட் ஆனபோது, எஞ்சின் பக்கமிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று கேட்டது. "பல்லி கத்துதுங்க, பத்து நிமிஷத்துல அடங்கிரும்" என்றார் வண்டிக்காரர். சொன்னபடியே அடங்கியது. ஆனால் அது குணமானதற்கு அடையாளம் இல்லை.

கம்பெனியில் வந்த எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய ஹெடரை மாட்டியிருந்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய். புகை தடையில்லாமல் வெளியேறும், இழுவை கூடும் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை, ஆனால் இரும்புக்கு வேறொரு கணக்கு இருக்கிறது.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பட்டையை நெருப்பில் போட்டால் விரியும், சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றினால் இறுகும். ஹெடருக்குள் தினமும் அதுவேதான் நடக்கிறது. 60 சென்டிமீட்டர் இரும்புக் குழாய் 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் நீளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 5 மில்லிமீட்டருக்கு மேல். அது போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹெட்டோ, உள்ளே தண்ணீர் ஓடுவதால் அவ்வளவு சூடாவதில்லை. ஒன்று நகர்கிறது, மற்றொன்று அசையாமல் நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது கேஸ்கெட். குளிரில் இடைவெளி திறந்து பல்லி கத்தும். சூட்டில் இரும்பு விரிந்து அந்த வாயை அடைத்துவிடும்.

இதற்கு நம்மவர்கள் செய்யும் முதல் வைத்தியம், ஸ்பேனரில் குழாயைச் செருகி முறுக்குவது. ஹெடரை ஹெட்டோடு சேர்க்கும் பிளாஞ்ச் மெல்லியது என்றால் போல்ட்டுக்குப் போல்ட் நடுவில் வளைந்துவிடும், ஒழுக்கு இன்னும் கூடும். இரண்டாவது வைத்தியம் சிலிக்கான் பசை. எஞ்சினை ஒட்டிய அந்தச் சூட்டில் அது தாங்காது. போதாததற்கு, அதன் ஆவி புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். ஒழுகும் இடம் வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். ‘காற்று அதிகம்’ என்று சென்சார் ஏமாந்து சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். இழுவைக்காகப் போட்ட ஹெடர் மைலேஜைத் தின்னத் தொடங்கும்.

அதைவிடக் கவலை கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு போகும்போது தலைவலித்தால் எல்லாப் பழியையும் மலைவளைவின் மேல் போடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக மாற்றங்கள் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது, கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். பழைய மெனிஃபோல்டைப் பரணில் பத்திரமாக வைத்திருப்பவர் புத்திசாலி.

நம் ஜிப்சிக்கு வருவோம். மெக்கானிக் முதலில் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்த இடத்தைத் தேடினார். எஞ்சின் ஆறிய பிறகு ஹெடரைக் கழற்றி, பிளாஞ்ச் மேல் நேர்ச்சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜின் தகட்டைச் செருகினார். தகடு தாராளமாக நுழைந்தது. லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாக்கி, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்சால் படிப்படியாக இறுக்கினார். கீழே சைலன்சர் குழாயில் வளைந்து கொடுக்கும் பெல்லோஸ் ஒன்றைப் பற்றவைத்தார். எஞ்சின் ஆடும் ஆட்டம் மேலே இணைப்புக்குப் போகாமல் அதுதான் வாங்கிக்கொள்ளும். ஆடிப்போயிருந்த எஞ்சின் மவுண்ட் ரப்பரையும் மாற்றச் சொன்னார்; இதை விட்டவர்கள்தான் மறுபடி மறுபடி கேஸ்கெட் வாங்குகிறவர்கள்.

"பொள்ளாச்சி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க, ராத்திரி ஆறட்டும், காலைல கொண்டாங்க" என்றார். மறுநாள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரெஞ்சை வைத்தார். இரண்டு நட்டுகள் கால் சுற்று இறங்கின.