நோய்க் காலத்து மாகேசுவர பூசை
(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மயிலையம்பதியில் குடத்திலிருந்த சாம்பலினின்றும் பூம்பாவையைத் திருஞானசம்பந்தப் பெருமான் உயிர்பெற்றெழச் செய்த வரலாற்றை அறியாத சைவர் இலர். அவ்விடத்தில் சேக்கிழார் பெருமான், மண்ணிற் பிறந்தார் பெறும் பயன் இரண்டென்று காட்டுகின்றார். ஒன்று, இறைவன் அடியாரை அமுது செய்வித்தல். மற்றொன்று, இறைவன் திருவிழாப் பொலிவைக் கண்ணாரக் காணுதல். அமுது செய்வித்தலை முன்னும் விழாக் காண்டலைப் பின்னும் வைத்த முறை நினைக்கத்தக்கது. ஆயினும் திருப்பணிக்குப் பொருள் ஈவோர், கோபுரம், கொடிமரம், தேர், வாகனம் என்று விழாவின் பக்கலிலேயே முதலில் மனம் வைத்து, அமுதுக்கு எஞ்சியதை ஒதுக்குவது உலக இயல்பாகிவிட்டது. இவ்விரு பயன்களையும் துலாக்கோலில் இட்டு நிறுத்துக் காட்டிய ஆண்டு ஒன்று வந்தது. அதுவே 2020ஆம் ஆண்டு.

அவ்வாண்டு மார்ச்சு 24ஆம் நாள் இரவு, கொரோனாப் பெருந்தொற்றை முன்னிட்டு நாடு முழுதும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பின்னர் அது மேலும் மேலும் நீண்டது. திருக்கோயில்களில் நித்திய பூசைகள் உள்ளே நடந்தன. வெளியே அன்பர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. மதுரையில் இலட்சக்கணக்கானோர் திரண்டு காணும் அங்கயற்கண்ணி திருக்கல்யாணம், அவ்வாண்டு மே 4ஆம் நாள் சிவாசாரியர் சிலர் மாத்திரம் உடனிருக்க நிகழ்ந்தது. அன்பர்கள் தத்தம் இல்லங்களிலிருந்து திரையிற் கண்டு கைகூப்பினர். பெருங்கோயில்களின் கதவுகள் அன்பர்களுக்குத் திறக்கப்பட்டது செப்டம்பர் முதல் நாளிலேதான். ஆக, பிறவிப் பயன்களுள் விழாக் காண்டல் ஐந்து திங்களுக்கு மேல் வாய்க்கவில்லை. அமுது செய்வித்தலோ முன்னிலும் பன்மடங்கு வேண்டப்பட்டது. தரிசனம் ஒரு திங்கள் பொறுக்கும். பசி ஒரு வேளையும் பொறாது.

இவ்வுண்மை இந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் விளங்கியதுபோல் வேறெங்கும் விளங்கியிராது எனலாம். பூதபுரீசுவரர் எழுந்தருளியிருப்பதும் இராமாநுசர் அவதரித்ததுமாகிய இப்பழம்பதி, இந்நாளில் தொழிற்சாலைகளால் உலகறிந்த ஊராயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது முதல், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று ஏரியும் வயலுமாயிருந்த ஊர்கள் ஆலைகளால் நிறைந்தன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களினின்றும் இளைஞர்கள் வந்து, கிராமங்களில் வரிசை வரிசையாய்க் கட்டப்பட்ட வாடகை அறைகளில் பலர் சேர்ந்து தங்கிப் பணி செய்கின்றனர். அவர்களிற் பலர்க்கு உணவு ஆலையின் உணவுக்கூடத்தில். கூலி ஒப்பந்தக்காரர் கையில். குடும்ப அட்டையோ ஆயிரம் கல்லுக்கு அப்பாலுள்ள சொந்த ஊரில்.

ஆலை மூடிய அன்றே உணவுக்கூடமும் மூடியது. அன்றாடக் கூலியும் நின்றது. பிற மாநிலத்துக் குடும்ப அட்டைக்குத் தமிழ்நாட்டு நியாய விலைக் கடையில் அரிசி பெறும் திட்டம், இம்மாநிலத்தில் 2020 அக்டோபர் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. அட்டையில்லாப் புலம்பெயர் தொழிலாளர்க்கு ஆளுக்கு ஐந்து கிலோ தானியம் இரண்டு திங்களுக்கு இலவசமாக வழங்கப்படும் என்று நடுவண் அரசு அறிவித்தது மே 14ஆம் நாள். அரிசி கிடைத்தவிடத்தும், அடுப்பும் பாத்திரமும் இல்லாத அறையில் அதனை எங்ஙனம் சோறாக்குவது? ஆதலின் சமைத்த உணவை நாடோறும் கொண்டு சென்று கொடுப்போர் வேண்டப்பட்டனர். தொண்டு நிறுவனங்களும், ஊராட்சிகளும், இளைஞர் குழுக்களும், கோயில் மடைப்பள்ளிகளும் தமிழகமெங்கும் இப்பணியில் நின்றன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மாகேசுவர பூசை என்பது சிவனடியாரை அமுது செய்வித்தலன்றோ? மொழியறியாத, குலமறியாத, எந்தக் கோயிலுக்குரியார் என்றும் அறியாத கூலித் தொழிலாளர்க்குச் சோறிடுதல் அதனுள் அடங்குமோ எனின், அடங்கும் என்க. இளையான்குடி மாறனார் நள்ளிரவில் பெருமழையில் வந்து நின்றவரை யார், எவ்வூர் என்று வினாவிப் பார்த்துக் கதவு திறந்தாரல்லர். நனைந்து வந்தவரின் பசியையே கண்டார். பகலில் விதைத்த நெல்லை இருளில் வயலிலிருந்து வாரிக்கொணர்ந்து அமுதாக்கினார். திங்களூர் அப்பூதியடிகள் நாவுக்கரசர் பெயரால் வைத்த தண்ணீர்ப் பந்தல் வழிச்செல்வோர் யாவர்க்கும் உரியது. வந்தவர் யார் என்பதை இறைவன் பின்னரே காட்டுவான். மேலும், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன் அயலானும் அல்லன். அவன் நாட்டில் சாதி வேறுபாடின்றி யாவரும் உடனிருந்து உண்ணும் பூரி ஜகந்நாதர் பிரசாதம் உண்டு. அங்குப் பகாளா என்று வழங்குவது இங்குள்ளார் உண்ணும் பழஞ்சோறே.

இனி, இடர்க்காலத்தில் அன்னதானம் இடையறாது நடத்துவது எங்ஙனம் என்பதற்குப் பெரியபுராணத்திலேயே ஒரு பாடம் உண்டு. பஞ்சம் வந்தபோது திருவீழிமிழலையில் சம்பந்தரும் அப்பரும் தங்கி அடியார்களை அமுது செய்வித்தனர். இறைவன் நாடோறும் கிழக்குப் பீடத்தில் ஒன்றும் மேற்குப் பீடத்தில் ஒன்றுமாகப் பொற்காசு வைத்தருளினான். ஒருநாள், அப்பர் திருமடத்தில் உரிய பொழுதில் அமுது நிகழ, தம் மடத்தில் காலந்தாழ்வதைச் சம்பந்தர் கண்டு, அமுதாக்குவோரை வினவினார். தமக்குக் கிடைத்த காசுக்குக் கடைக்காரர் வாசி கேட்கின்றனர், அஃதாவது வட்டம் கழிக்கின்றனர். அதனால் பண்டம் வரத் தாமதமாகின்றது என்றனர். அப்பர் பெற்ற காசோ அவர்தம் கைத்தொண்டின் சிறப்பால் வாசியின்றிச் செல்கின்றது. சம்பந்தர் அதனைத் தம் குறையாகவே கொண்டு, வாசி தீர்த்தருளுமாறு பாடி வேண்டினார்.

இதில் மூன்று கருத்துகள் உள. அறத்துக்குரிய பொருள் ஒருநாட் கொடையாய் முடிந்துவிடாமல் நாடோறும் வருதல் வேண்டும். பொருள் இருந்தும் பண்டம் உரிய பொழுதில் வாராவிடின் பசித்தவனுக்கு அஃது இல்லாததோடு ஒக்கும். கைத்தொண்டு கலந்த காசே குறைவின்றிச் செல்லும்.

2020ஆம் ஆண்டில் நேர்ந்ததும் இதுவே. ஏப்ரல் திங்களில் மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 மணி முதல் பகல் 1 மணி வரையே திறந்திருந்தன. இரவுச் சோற்றுக்கு வேண்டிய அரிசியும் பருப்பும் உச்சிப் பொழுதுக்குள் வந்து சேராவிடின் அன்றிரவு அடுப்பு எரியாது. அதே திங்களில், தனியாரும் தொண்டு நிறுவனங்களும் உணவை நேரே வழங்கலாகாது, அரசு அலுவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்று மாநில அரசு அறிவித்தது. கூட்டம் கூடின் நோய் பரவும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அலுவலர்க்கு 48 மணி நேரத்துக்கு முன்னரே தெரிவித்து, மிகச் சிலரே சென்று, இடைவெளி காத்து வழங்கலாம் என்று நீதிமன்றம் வழிவகுத்தது. நோய்க்கு அஞ்சியதும் நியாயம். பசிக்கு இரங்கியதும் நியாயம். இரண்டுக்கும் இடமளித்துத் தம் முறையை மாற்றிக்கொண்ட அறச்சாலைகளே நிலைத்து நடந்தன.

தில்லியிலுள்ள பங்களா சாகிபு குருத்துவாராவில் சீக்கியப் பெருமக்கள் செய்தது இதற்குச் சான்று. அங்கு வந்து அமர்ந்துண்போர் வரமுடியாதபோது, சமைத்த உணவு நகரின் பல பகுதிகளுக்கு அனுப்பப்பட்டது. சமையல் செய்வோர் வீட்டுக்குச் சென்று வந்தால் தொற்றுக் கொண்டுவரக்கூடும் என்று விடுதியிலேயே தங்கி, குடும்பத்தாரைக் காணாது பணி செய்தனர். நாளொன்றுக்கு 40,000 பேர்க்கு என்று தொடங்கிய உணவு அதன் இருமடங்காயிற்று. காசொடு கைத்தொண்டும் கலந்தமையின் அங்கே வாசி இல்லாதொழிந்தது.

பந்தி பொட்டலமாக மாறியதில் ஓர் இழப்பும் உண்டு. பந்தியில் இலை போட்டு, நீர் தெளித்து, முகம் பார்த்து, இன்னும் சிறிது இடட்டுமா என்று கேட்கும் உபசாரம் உண்டு. பொட்டலத்துக்கு அஃதில்லை. அதற்கு ஈடாகப் பெறுவோனுடைய மானத்தையேனும் காத்தல் வேண்டும். அந்நாளில் சோற்றை ஒரு கையாலும் புகைப்படக் கருவியை மறு கையாலும் நீட்டி, பெறுவோர் முகத்தைப் படமெடுத்து ஊரெங்கும் பரப்பியவர் சிலர். அஃது அன்னதானம் ஆகாது. கோயம்புத்தூரை அடுத்த வடிவேலம்பாளையத்தில் ஒரு மூதாட்டி, விலைவாசி ஏறிய அவ்வூரடங்கிலும் ஓர் இட்டிலியை ஒரு ரூபாய்க்கே விற்றார். உண்டவன் காசு கொடுத்தே உண்டேன் என்று தலைநிமிர்ந்து சென்றான். கொடையின் நுட்பம் அம்மூதாட்டிக்கு விளங்கியிருந்தது.

தூய்மையும் காலமும் மறக்கத்தக்கன அல்ல. சமைத்த சோறு சித்திரை வெயிலில் நான்கு மணி நேரத்துக்குமேல் நில்லாது. பொட்டலத்தில் அடைபட்டதோ இன்னும் விரைவிற் கெடும். 2021 டிசம்பரில், இவ்வட்டாரத்து ஆலையொன்றில் பணி செய்யும் மகளிர் தங்கிய விடுதியில் உணவு கெட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்ததும், தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டதும் யாவரும் அறிந்ததே. பசித்தவர்தானே என்று எண்ணி எதையும் இடலாம் என்று கருதுதல் பாவம். சுவாமிக்கு நைவேத்தியம் செய்யும் தூய்மையே அவர்க்கிடும் சோற்றுக்கும் வேண்டும்.

2021 மே திங்களில் நோய் இரண்டாம் முறை பெருகியபோது, இந்து சமய அறநிலையத்துறை தன் ஆட்சியிலுள்ள திருக்கோயில்களின் வாயிலாக, மருத்துவமனைகளில் நோயாளர்க்குத் துணையிருப்போர்க்கும் வறியோர்க்கும் நாளொன்றுக்கு 1 இலட்சம் உணவுப் பொட்டலங்கள் வழங்க முற்பட்டது. கோயிலுக்கு வருவோர்க்கே சோறு என்றிருந்த மடைப்பள்ளி, வரமுடியாதாரை நாடிச் சென்றது. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867 மே 23ஆம் நாள் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றளவும் அவியாது காக்கப்படுகின்றது. ஓர் அடுப்பு ஒன்றரை நூற்றாண்டு எரிவதற்கு, நாடோறும் ஒருவர் விறகு வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவே அதன் இரகசியம்.

ஆகவே, இத்திருக்கோயிலுக்குப் பொருள் வழங்கிய புண்ணியர்கள் சில செயல்களை மேற்கொள்ளுதல் நன்று. அன்னதான அறக்கட்டளையில் ஒரு பகுதியை இடர்க்காலத்துக்கென்று தனியே வைத்தல்; ஒரு திங்களுக்குரிய அரிசியும் பருப்பும் என்றும் இருப்பில் இருக்கப் பழையதை எடுத்துப் புதியதை நிரப்புதல்; சுற்றுக் கிராமங்களில் வாடகை அறைகளில் தங்கியிருப்போரின் கணக்கை ஊராட்சியோடு கூடி எழுதி வைத்தல்; அவர் மொழி அறிந்த ஓரிருவரைத் தொண்டராகச் சேர்த்துக்கொள்ளுதல்; பணம் கொடுப்போர் வீட்டிலிருந்து ஆண்டுக்குச் சில நாளேனும் ஒருவர் மடைப்பள்ளிக்குக் கைத்தொண்டுக்கு வருதல். இவற்றுள் எதுவும் கோபுரத்தினும் அரிய செலவன்று.

இன்று நன்னீராட்டுக் கண்ட கலசங்களுள் முன்னோர் வரகு முதலிய தானியத்தை இட்டுவைத்தனர். பன்னீராண்டுக்கொருமுறை அதனைப் புதுப்பிப்பதும் மரபு. வெள்ளமும் பஞ்சமும் வந்து ஊர் அழியினும் மீண்டும் விதைக்க ஒரு பிடி தானியம் உயரத்தில் இருக்கட்டும் என்பது அதன் கருத்தென்று கூறுவர். மாறனார் வயலில் வாரிய முளைநெல்லும், சிகரத்தின் மேல் இருக்கும் வரகும் சொல்லும் பொருள் ஒன்றே. கலசத்தைத் தொழுத கைகள், அடுத்த இடர் வருமுன் மடைப்பள்ளிக் குதிரையும் நிரப்பிவைப்பனவாக. அதற்குத் திருவருள் துணை நிற்க.

திருச்சிற்றம்பலம்.