டெட்ராயிட்டின் அறுபத்திரண்டாம் அலைவரிசை



வானொலி கேட்கும் பழக்கமுள்ளவர்களுக்கு 'அஞ்சல்' என்னும் சொல் புதியதன்று. ஒரு நிலையம் தன் நிகழ்ச்சிகளைச் சற்றே நிறுத்திவிட்டு, தலைநகரிலிருந்து வரும் செய்தியை அப்படியே வாங்கி நமக்குத் தருவதையே அஞ்சல் என்கிறோம். அது முடிந்ததும் அந்த நிலையம் தன் சொந்தக் குரலில் பேசத் தொடங்குகின்றது. உள்ளூர் உழவர்களுக்கான உரையும், உள்ளூர்ப் புலவரின் பேச்சும், மாவட்டச் செய்தியும் வருகின்றன. ஆகவே ஒரே நிலையத்தினுள் இரு குரல்கள் உள்ளன. ஒன்று தொலைவிலிருந்து வருவது. மற்றொன்று ஊரிலேயே பிறப்பது. இவ்விரண்டிற்கும் உரிய பங்கு எவ்வளவு என்பது சிந்திக்கத்தக்க வினாவாகும். அமெரிக்க நாட்டின் டெட்ராயிட் நகரத்துத் தொலைக்காட்சி நிலையங்களின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை இன்று ஆராய்வோம்.

முதலில் அந்நாட்டின் ஏற்பாட்டை அறிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒளிபரப்பும் உரிமையை அரசின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே வழங்குகின்றது. உரிமை பெறுபவர் செய்தித்தாள் நடத்துபவராக இருக்கலாம், வணிகராக இருக்கலாம், ஒரு சங்கமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு நாள் முழுவதற்கும் வேண்டிய நிகழ்ச்சிகளைத் தாமே தயாரிக்கும் வசதி அவர்களுள் பெரும்பாலோருக்கு இல்லை. எனவே என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. போன்ற பெருநிறுவனங்களுள் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். நாடகமும் விளையாட்டும் நாட்டுச் செய்தியும் பெருநிறுவனத்திடமிருந்து வரும். ஊர்ச் செய்தியை நிலையம் தானே தயாரிக்கும். இந்த ஒப்பந்த உறவையே 'இணைப்பு' என்பர். இணைப்பு என்பது உடைமை ஆகாது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் நிலையம் வேறொரு பெருநிறுவனத்தை நாடலாம்.

டெட்ராயிட் மிச்சிகன் மாநிலத்தில், கனடா நாட்டின் எல்லையாகிய ஆற்றின் கரையில் அமைந்த நகரம். மோட்டார் வண்டித் தொழிலால் உலகப் புகழ் பெற்றது. 1947-இல் அந்நகரின் செய்தித்தாள் நிறுவனம் ஒன்று 4-ஆம் அலைவரிசையில் முதல் நிலையத்தைத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் வானொலி 1920-இலேயே பேசத் தொடங்கியது. அவ்வானொலியின் பெயராகிய டபிள்யூ.டபிள்யூ.ஜே. என்பதே தொலைக்காட்சிக்கும் பெயராயிற்று. 1948-இல் 2-ஆம் அலைவரிசையும் 7-ஆம் அலைவரிசையும் தோன்றின. நான்காவது என்.பி.சி.யோடும், இரண்டாவது சி.பி.எஸ்.ஸோடும், ஏழாவது ஏ.பி.சி.யோடும் உறவு கொண்டன. இவ்வாறு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே நகரின் சிறந்த அலைவரிசைகள் மூன்றும் மூன்று பெருநிறுவனங்களுக்கு உரியவை ஆகிவிட்டன.

சிறந்த அலைவரிசைகள் என்று கூறியதற்குக் காரணம் உண்டு. 2 முதல் 13 வரை எண்ணிட்டவை குறைந்த அதிர்வெண் உடையவை. 2-ஆம் அலைவரிசையின் அலைநீளம் ஏறக்குறைய 5 மீட்டர். இத்தகைய அலை நெடுந்தொலைவு பரவும். கட்டடங்களையும் மரங்களையும் ஓரளவு கடந்து செல்லும். 1952-இல் ஆணையம் 14 முதல் 83 வரையிலான புதிய அலைவரிசைகளையும் திறந்துவிட்டது. இவற்றின் அதிர்வெண் மிக உயர்ந்தது. 62-ஆம் அலைவரிசையின் அலைநீளம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்தான். இவ்வலைகள் தடைகளில் எளிதில் தேய்ந்துவிடும். அவற்றை அனுப்ப மிகுந்த மின்னாற்றல் வேண்டும். வாங்கத் தனி ஆன்டெனா வேண்டும். பல வீட்டுப் பெட்டிகளில் அவற்றை வாங்கும் அமைப்பே இல்லாதிருந்தது. எல்லா அலைவரிசைகளையும் வாங்கும் வகையில் பெட்டிகள் செய்யப்பட வேண்டும் என்று 1962-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆகவே பின்னால் வந்தவர்களுக்கு எஞ்சியிருந்தவை எட்டாத எண்களே. யார் முதலில் வந்தார்கள், யாருக்கு முதலில் வர வாய்ப்பிருந்தது என்று கேட்டால், அந்நகரின் சமுதாய வரலாறு நமக்குப் புலப்படும்.

டெட்ராயிட்டின் தொழிற்சாலைகளில் வேலை தேடித் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பல்லாயிரவராக வந்து குடியேறினார்கள். 1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நகர மக்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் அவர்களே. ஆயினும் தொலைக்காட்சியில் அவர்கள் வாழ்க்கைக்கு இடம் மிகவும் குறைவு. 1967 ஜூலையில் அந்நகரில் பெருங்கலவரம் மூண்டது. 43 பேர் உயிரிழந்தனர். நாட்டின் பல நகரங்களில் மூண்ட இத்தகைய கலவரங்களின் காரணத்தை ஆராயக் குடியரசுத் தலைவர் ஒரு குழுவை அமைத்தார். கெர்னர் குழு எனப்படும் அது 1968-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. செய்தித்தாள்களும் ஒலி, ஒளிபரப்பு நிலையங்களும் வெள்ளையரின் பார்வையிலிருந்தே நாட்டைக் காண்கின்றன என்று அவ்வறிக்கை குறை கூறியது.

இந்நிலையில் முன்வந்தவர் வில்லியம் பேங்க்ஸ் என்னும் கறுப்பின வழக்கறிஞர். அவர் கறுப்பின மக்களுக்கென ஒரு மேசன் சங்கத்தை நிறுவி நடத்தி வந்தார். 1964-இல் அச்சங்கம் டபிள்யூ.ஜி.பி.ஆர். என்னும் பண்பலை வானொலியை விலைக்கு வாங்கியது. அவ்வெழுத்துகள் முதலில் குரோஸ் பாயின்ட் என்னும் செல்வர் வாழும் புறநகரைக் குறித்தவை. புதிய உடைமையாளர் எழுத்துகளை மாற்றவில்லை. 'இறைவனின் சந்நிதி ஒளிவீசும் இடம்' என்று அவற்றுக்கு வேறு பொருள் கற்பித்துக்கொண்டனர். பின்னர்த் தொலைக்காட்சி உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தது. 1975 செப்டம்பர் 29-ஆம் நாள் 62-ஆம் அலைவரிசை ஒளிபரப்பைத் தொடங்கியது. அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் கறுப்பின மக்களுக்கு உடைமையான முதல் தொலைக்காட்சி நிலையம் அதுவே.

அந்நிலையம் எந்தப் பெருநிறுவனத்தோடும் இணையவில்லை. ஆகையால் தானே நிகழ்ச்சிகளைப் படைக்க வேண்டியிருந்தது. நகரச் செய்தியைத் தன் மக்களின் நோக்கிலிருந்து கூறியது. இளைஞர்கள் ஆடிப்பாடும் நடன நிகழ்ச்சி ஒன்று பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. டெட்ராயிட் வட்டாரத்தில் வாழும் அரபு மக்களுக்கும் அதில் ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றது. வேறிடங்களில் கதவு திறக்கப்பெறாத இளைஞர் பலர் இங்கே கேமரா பிடிக்கவும், ஒலி அமைக்கவும், செய்தி படிக்கவும் கற்றனர். பின்னர்ப் பெரிய நிலையங்களிலும் பணி பெற்றனர்.

ஆயினும் அதன் வாழ்வு எளிதாக இருக்கவில்லை. அலை தேய்ந்துவிடும் எண். பார்ப்போர் தொகை சிறிது. ஆகவே விளம்பர வருமானமும் சிறிது. கேமராவும் கோபுரமும் மின்சாரமும் மட்டும் பெரிய நிலையத்துக்கு ஆகும் விலையையே கேட்டன. 1985-இல் பேங்க்ஸ் காலமானார். நிலையம் தொடர்ந்து நடந்தது. ஆனால் தட்டுப்பாடு நீங்கவில்லை.

அதன் முடிவு டெட்ராயிட்டில் தீர்மானிக்கப்படவில்லை. 1993 டிசம்பரில் ஃபாக்ஸ் என்னும் புதிய பெருநிறுவனம், அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் ஒரு பிரிவுப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையை நான்கு ஆண்டுகளுக்கு 158 கோடி டாலர் கொடுத்துப் பெற்றது. 1956 முதல் அச்சங்கத்தின் ஆட்டங்களைக் காட்டிவந்த சி.பி.எஸ். அவ்வுரிமையை இழந்தது. பெரிய ஆட்டம் கையில் வந்த பின் ஃபாக்ஸுக்கு நல்ல அலைவரிசைகள் தேவைப்பட்டன. 1994 மே மாதத்தில் நியூ வேர்ல்டு என்னும் நிறுவனத்தில் 50 கோடி டாலர் முதலீடு செய்து, அதன் பொறுப்பிலிருந்தனவும் அது வாங்கவிருந்தனவுமாகிய 12 நிலையங்களைத் தன்பால் சேர்த்துக்கொண்டது. அப்பன்னிரண்டில் டெட்ராயிட்டின் 2-ஆம் அலைவரிசையும் ஒன்று. நாற்பத்தாறு ஆண்டுக்காலச் சி.பி.எஸ். உறவு அத்துடன் அற்றது.

டெட்ராயிட்டில் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு இப்போது வீடு இல்லை. நான்காவது என்.பி.சி.யை விடவில்லை. ஏழாவதன் உடைமையாளரோடு ஏ.பி.சி. நெடுங்கால ஒப்பந்தம் செய்து அதைக் காத்துக்கொண்டது. எங்கும் இடமின்றி நின்ற சி.பி.எஸ்., இறுதியில் 62-ஆம் அலைவரிசையின் கதவைத் தட்டியது. விலை 2 கோடியே 40 இலட்சம் டாலர். சங்கம் இசைந்தது, பண்பலை வானொலியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. 1994 டிசம்பர் 11-ஆம் நாள் முதல் அந்த அலைவரிசையில் சி.பி.எஸ். நிகழ்ச்சிகள் வரத் தொடங்கின. 1995-இல் உடைமையும் முழுமையாகக் கைமாறியது. நிலையத்தின் பெயர் டபிள்யூ.டபிள்யூ.ஜே. ஆயிற்று.

இப்பெயரை நீங்கள் முன்னரே கேட்டீர்கள். அது நகரின் முதல் நிலையத்துக்கு உரியதாக இருந்தது. 1978-இல் அந்நிலையத்தின் உடைமையாளர், செய்தித்தாளும் தொலைக்காட்சியும் ஒரே ஊரில் ஒருவரிடம் இருப்பதை ஆணையம் தடை செய்யுமோ என்று அஞ்சி, அதை வாஷிங்டன் நகரத்து நிலையம் ஒன்றுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டார். அப்போது 4-ஆம் அலைவரிசை வேறு பெயர் பூண்டது. பழைய பெயர் வானொலியில் மட்டும் நிலைத்தது. அவ்வானொலியைப் பின்னாளில் வாங்கியிருந்த சி.பி.எஸ்., அப்பெயரையே 62-ஆம் அலைவரிசைக்கும் சூட்டியது. ஆகவே நகரின் மிகப் பழைய பெயர், பிற்காலத்தில் தோன்றிய ஒரு நிலையத்தின்மீது வந்து அமர்ந்தது. பெயரை மட்டும் கொண்டு வரலாறு எழுதுபவன் எவ்வளவு எளிதில் பிழைபடக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

இந்த மாற்றத்தால் நகரம் பெற்றது யாது? இழந்தது யாது? முன்பு ஏழ்மையோடு நடந்த நிலையத்துக்கு இப்போது பெரும் செல்வம் வாய்த்தது. நாட்டின் புகழ்பெற்ற நாடகங்கள் அதில் வந்தன. ஆனால் ஊர்ச் செய்தி வரவில்லை. 2001-இல் இரவுச் செய்தி ஒன்று தொடங்கி 2002 இறுதியில் நின்றது. 2009 முதல் 2012 வரை காலை நிகழ்ச்சி ஒன்று நடந்தது. நாட்டின் மாபெரும் நகரங்களுள் ஒன்றில், பெருநிறுவனத்தின் சொந்த நிலையமாக இருந்தும், முழுமையான செய்திப் பிரிவு அதற்கு அமைந்தது 2023 ஜனவரியில்தான். ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள்! வறுமையிலிருந்த சங்கம் செய்ததைச் செல்வம் மிக்க நிறுவனம் அத்தனை காலம் செய்யாதிருந்தது.

அப்படியானால் விற்றவர்களைப் பழிக்கலாமா? நான் அவ்வாறு கருதவில்லை. இருபது ஆண்டுகள் சுமந்தவர்களின் தோள் வலியை நாம் அறியோம். நிலையத்தைப் பாராட்டியவர் பலர் இருந்திருக்கலாம். நாள்தோறும் பார்த்தவரும் விளம்பரம் தந்து தாங்கியவரும் போதிய அளவில் இருக்கவில்லை. சி.பி.எஸ். நிறுவனத்தையும் வெறும் பேராசை என்று ஒதுக்க இயலாது. அது வீடிழந்து வந்தது. ஒவ்வொருவரும் தத்தமக்கு நியாயமானதைச் செய்தார்கள். எனினும் எல்லா நியாயங்களும் கூடிய முடிவில் ஓர் ஊரின் குரல் அவிந்தது. வரலாற்றில் நாம் மிகவும் கவனிக்க வேண்டிய இழப்புகள் இத்தகையவையே. இவற்றில் தீயவன் ஒருவனும் இல்லை. ஆதலின் யாரும் எச்சரிக்கை கொள்வதில்லை.

பழைய கலையகக் கட்டடம் இன்றும் கிழக்கு ஜெபர்சன் சாலையில் நிற்கின்றது. 2017-இல் பேங்க்ஸ் பெயரால் அங்கே ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது. 2021-இல் அக்கட்டடம் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. நினைவைக் காப்பது நற்செயலே. ஆனால் குரல் உயிரோடிருக்கும்போதே அதைக் காப்பது அதனினும் நற்செயல்.

மாணவ நண்பர்களே! நீங்கள் நாள்தோறும் பல திரைகளைக் காண்கிறீர்கள். அவற்றின் பெயரும் சின்னமும் உடைமையும் மாறிக்கொண்டேயிருக்கும். அவற்றை உங்களால் தடுக்க இயலாது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்க உங்களால் இயலும். இதில் என் ஊருக்கு எத்தனை நிமிடம்? என் ஊர்ப் பள்ளியும் ஏரியும் மருத்துவமனையும் இதில் எங்கே பேசப்படுகின்றன? அத்தகைய நிகழ்ச்சி ஒன்று இருக்குமாயின் அதைத் தேடிக் கேளுங்கள், பாருங்கள். குறை இருந்தால் எழுதித் தெரிவியுங்கள். ஆற்றல் இருந்தால் நீங்களே சென்று பங்கு கொள்ளுங்கள். தொலைவிலிருந்து வரும் குரலைக் கொண்டுவர எத்தனையோ பேர் உளர். ஊரின் குரலுக்கு ஊராரே துணை.